யாருக்காக இந்தச் சுத்தம்?

கல்கத்தாவின் லேக் மார்க்கெட் வட்டாரத் தமிழ் வீடுகளில் நான்கு பக்கத் துண்டறிக்கை ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. நல்ல தாள், நல்ல அச்சு, ஒற்றுப்பிழைகூட இல்லாத தமிழ். எழுதியவர் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். கச்சேரி என்றால் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர் எழுதியதை மனதுக்குள் வைத்துக்கொண்டிருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அச்சில் ஏற்றத் துணிந்தவர் அவர் ஒருவர்தான். பெரியவர் என்றே அழைப்போம்.

பெரியவரின் கோரிக்கைகள் இவை. காளிகாட்டில் பாலியல் தொழில் செய்யும் பெண்களுக்கு ஆணுறை கொடுப்பதை நிறுத்த வேண்டும், அது தொழிலுக்கு ஊக்கம் கொடுப்பதாகும். அந்தப் பெண்கள் அனைவருக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டாய ரத்தப் பரிசோதனை நடத்தி, கையில் அட்டை கொடுக்க வேண்டும். நோய் கண்டவர்களைத் தனி விடுதியில் அடைக்க வேண்டும். போகப் போக அந்தப் பகுதியையே காலி செய்துவிட வேண்டும். மாநகராட்சிக்கு மனு தயாராகிறது, கையெழுத்து வேட்டையும் தொடங்கிவிட்டது. வாழை இலையும் காப்பிப்பொடியும் வாங்கப் போகிற இடத்தில் மனுவை நீட்டுகிறார்கள்.

முதலில் சிறிய விஷயத்தை முடித்துவிடுகிறேன். “எங்கோ வடக்கே சோனாகாச்சியில் இருந்த அசுத்தம் நம் வாசலுக்கு வந்துவிட்டது” என்கிறார், நகரின் வடபகுதியில் உள்ள பாலியல் தொழில் வட்டாரத்தைக் குறித்து. நம் பக்கத்து ஏரி வெட்டப்பட்டது 1920களில். ஏரியின் பெயரைக் கொண்ட சந்தையும், அதைச் சுற்றி நம் தாத்தாக்கள் வாடகைக்கு எடுத்த மாடிகளும் அதற்குப் பிறகு வந்தவை. காளி கோயிலோ இன்றைய வடிவில் எழுந்தே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆதிகங்கைக் கரையில் யாத்ரீகர்களும் பண்டாக்களும் சத்திரங்களும் இருந்த ஊர் அது, அந்தப் பெண்களும் இருந்த ஊர். யாரும் நம் வாசலுக்கு வரவில்லை. அவர்கள் பக்கத்தில் குடிவந்தவர்கள் நாம்.

அடுத்தது, “தமிழ் மண்ணில் இப்படியொரு கேடு கிடையாது” என்ற வரி. இதைப் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது கல்கத்தாவிலும் அல்ல, பம்பாயிலும் அல்ல. 1986ல், சென்னையில். மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழில் செய்த பெண்களிடமிருந்து ரத்த மாதிரிகள் சேகரித்தார். பம்பாய், கல்கத்தா போல் தனியாக ஒரு பகுதி சென்னையில் இல்லாததால் அவர் தேடி அலைய வேண்டியிருந்தது. மயிலாப்பூரில் அந்தப் பெண்களை அடைத்து வைத்திருந்த அரசு இல்லத்துக்குப் போனார். மாதிரிகள் பரிசோதனைக்காக வேலூருக்குப் போயின. ஆறு பெண்களுக்குத் தொற்று இருந்தது. கபாலி கோயில் இருக்கும் அதே மயிலாப்பூர்தான், பெரியவரே.

அதன் பின்னர் தமிழ்நாடு செய்தது என்ன? இன்று துண்டறிக்கை கேட்பதைத்தான் செய்தது. தொற்று கண்ட பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் வெளியே விடவில்லை. 1990ல் பம்பாய் விடுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெண்களைத் தனி ரயிலில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். ரயிலுக்கு ‘முக்தி எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். முக்தி எப்படி வந்தது என்றால், இறங்கியவர்களைக் கேட்காமலே ரத்தம் எடுத்து, தொற்று இருந்தவர்களைப் பூட்டி வைத்தார்கள். சியாமளா நடராஜ் என்ற பத்திரிகையாளர் உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் பூட்டுத் திறந்தது. ஆக பெரியவரின் யோசனை புதியதல்ல. நம் ஊரிலேயே செய்து பார்த்தாகிவிட்டது. அந்தப் பூட்டு தமிழ்நாட்டில் நோயைத் தடுத்ததா? அடுத்த பத்தாண்டில் நாட்டிலேயே அதிகம் பாதிக்கப்பட்ட மாநிலங்களின் வரிசையில் தமிழ்நாடு நின்றது. இறங்குமுகம் தொடங்கியது பூட்டியதால் அல்ல; 1994ல் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைத்து, தெருவிலும் லாட்ஜிலும் நெடுஞ்சாலை லாரிப்பேட்டையிலும் ஆணுறையைக் கொண்டுபோய்ச் சேர்த்ததால்.

இனி அட்டைக்கு வருகிறேன். துண்டறிக்கையின் உயிர்நாடி அதுதான். “விமான நிலையத்தில்கூட தடுப்பூசிச் சான்று கேட்கிறார்கள், இங்கே கேட்டால் என்ன தவறு?” என்று மடக்கியிருக்கிறார். படித்தவுடன் நியாயமாகத்தான் படும்.

இதே கல்கத்தாவில் இதைச் செய்து பார்த்தவர்கள் வெள்ளைக்காரர்கள். 1868ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம். வங்காளிகள் அதைச் ‘சோத்தோ ஆயின்’ என்றே குறிப்பிட்டார்கள். அடுத்த ஆண்டு இங்கே அமலுக்கு வந்தது. தொழில் செய்யும் பெண்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், குறித்த நாளில் மருத்துவப் பரிசோதனைக்கு வர வேண்டும், வராவிட்டால் கைது. நோய் கண்டால் ‘லாக் ஆஸ்பத்திரி’யில் அடைப்பு. எதற்காக? பட்டாளத்துச் சிப்பாய்களுக்கு மேகநோய் வராமல் இருக்க. சிப்பாயை யாரும் பதிவு செய்யவில்லை. பெண்கள் இரவோடிரவாகப் பிரெஞ்சுக்காரர்களின் சந்தன்நகருக்கு ஓடினார்கள். ஓட முடியாதவர்கள் ஒளிந்து தொழில் செய்தார்கள், போலீஸ்காரனுக்குக் காசு கொடுத்தார்கள். குடும்பப் பெண்களின் பெயர்களும் பட்டியலில் ஏறி அவர்கள் அவமானப்பட்டார்கள். இருபது ஆண்டு ஆட்டம். 1888ல் சட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். கிரந்தியும் (சிபிலிஸ்) வெட்டையும் (கொனோரியா) இருந்த இடத்திலேயே இருந்தன.

சரித்திரம் கிடக்கட்டும், மருத்துவத்தைப் பார்ப்போம். தொற்று உடலில் ஏறிய நாளிலிருந்து ரத்தப் பரிசோதனையில் தெரியச் சில வாரங்கள் ஆகும். சிலருக்கு மூன்று மாதம்வரைகூட இழுக்கும். அந்த ஆரம்ப வாரங்களில்தான் ரத்தத்தில் கிருமி மிக அதிகமாக இருக்கிறது, பிறருக்குத் தொற்றவும் அப்போதுதான் வாய்ப்பு அதிகம். அதாவது மிக ஆபத்தான நாட்களில் பெரியவரின் அட்டை ‘சுத்தம்’ என்று சொல்லும். இன்னொரு கணக்கும் இருக்கிறது. திங்கட்கிழமை ஒரு பெண்ணுக்கு அட்டை கிடைக்கிறது. செவ்வாய்க்கிழமை வந்தவன் தொற்றோடு வருகிறான். அவனிடம் அட்டை கேட்பவர் யாருமில்லை. அட்டையைக் காட்டச் சொல்லி, பார்த்துவிட்டு, “அதான் சுத்தமாச்சே, உறை எதற்கு?” என்கிறான். அதற்குள் அவளுக்கு வந்தது அடுத்த பரிசோதனைவரை அட்டையில் தெரியாது. ஆணுறையை எடுத்துவிட்டு அட்டையைக் கொடுப்பது நோய்க்கு வாசலைத் திறந்துவிட்டுக் காவலுக்கு ஆள் வைப்பது போன்றது.

கட்டாயப் பரிசோதனை யாரைக் காப்பாற்ற? பெண்ணையா? அவளுக்கு நோய் கொடுக்கிறவனைச் சோதிக்காமல் அவளை எப்படிக் காப்பாற்ற முடியும்? அட்டை முழுக்க முழுக்க வாடிக்கையாளருக்குச் செய்யும் சேவை. ஒழுக்கத்தின் பெயரால் எழுதப்பட்ட இந்த நான்கு பக்கமும், விலைக்கு வாங்க வருகிறவனுக்குச் சரக்கு கெட்டிருக்கக் கூடாது என்ற அக்கறையில் எழுதப்பட்டது. பெரியவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். தெரிந்துகொள்ளட்டும்.

நோய் கண்டவர்களைத் தனியே அடைப்பது இன்னும் அபத்தம். 2004 ஏப்ரலில் இந்த நாடு எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. ஆரம்பத்திலேயே கொடுத்த இடங்களில் நம் தாம்பரம் ஆஸ்பத்திரியும் ஒன்று. மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டுக் கிருமி அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கியவரிடமிருந்து உடலுறவு வழியாக எச்.ஐ.வி. பரவுவதில்லை. இன்றைய மருத்துவ உலகம் ஒருமனதாக ஏற்றுக்கொண்ட உண்மை இது. அடைத்துவிடுவார்கள் என்று பயந்தால் யார் பரிசோதனைக்கு வருவார்கள், யார் மாத்திரை வாங்குவார்கள்?

இனி அவருடைய வலுவான வாதம். அதை ஒதுக்கிவிட்டுப் போக மாட்டேன். “கடத்திக் கொண்டுவரப்பட்டு, கடனில் மூழ்கி, மாசியின் (விடுதி நடத்துகிறவளின்) பிடியில் கிடக்கும் பெண்ணால் வாடிக்கையாளனிடம் ‘மாட்டிக்கொள்’ என்று சொல்ல முடியுமா? அப்படியிருக்கப் பாதுகாப்பான உடலுறவு என்று பாடம் நடத்துவது மோசடி.” பாதி உண்மை. சொல்ல முடியாமல்தான் இருந்தது. விலைக்கு வாங்கப்பட்ட ‘சுக்ரி’க்குச் சம்பாத்தியத்தில் காலணா கிடையாது, ‘ஆதியா’வில் இருப்பவள் பாதியை விடுதி முதலாளியான மால்கினுக்குக் கொடுக்க வேண்டும், மீதியில் கடன் கொடுத்த கிஸ்திவாலாவின் வட்டி. உறையில்லாமல் வந்தால் கூடுதலாகத் தருகிறேன் என்பவனை அவள் எதைக்கொண்டு மறுப்பாள்? மறுத்தால் அவன் அடுத்த வீட்டுப் படியேறுவான்.

ஆனால் இந்தக் கேள்வியைப் பெரியவருக்கு முன்பே ஒருவர் கேட்டார். கேட்டுவிட்டுத் துண்டறிக்கை அடிக்கவில்லை. 1992ல் சித்தரஞ்சன் அவென்யூவில் உள்ள அகில இந்தியச் சுகாதார நிறுவனத்திலிருந்து சோனாகாச்சிக்குள் போன டாக்டர் ஸ்மரஜித் ஜனா. தொழில் சார்ந்த நோய்களைப் படித்தவர் அவர். சுரங்கத் தொழிலாளிக்கு நுரையீரல் நோய் வந்தால் அவன் ஒழுக்கத்தையா விசாரிக்கிறோம், காற்றோட்டத்தைத்தானே பார்க்கிறோம் என்ற கண்ணோடு போனார். அப்போது அங்கே எப்போதும் ஆணுறை பயன்படுத்தியவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. அவர் டாக்டர்களை அனுப்பி உபதேசம் செய்யவில்லை. அந்தப் பெண்களிலிருந்தே சிலரைத் தேர்ந்து, பயிற்சி கொடுத்து, பச்சை மேலங்கியும் அடையாள அட்டையும் தந்து வீடு வீடாக அனுப்பினார். பார்த்தீர்களா, அவர்கள் கையிலும் ஓர் அட்டை இருந்தது. ஆனால் அது அவள் ரத்தத்தைப் பற்றியது அல்ல, அவள் வேலையைப் பற்றியது.

அவர்கள் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்பதையும் பெரியவர் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் ஆணுறை விநியோகம் என்றால் பிரசாதம் போல் அள்ளிக் கொடுப்பது என்று நினைத்திருக்கிறார். உறையின் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவினால் ரப்பர் சில நிமிடங்களில் நலிந்து கிழியும். நீர் சார்ந்த வழவழப்புக் களிம்புதான் சரி. இரண்டு உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் உராய்ந்து கிழியும். டெட்டால் போட்டு உள்ளே கழுவுவது சுத்தமல்ல, புண்ணாக்கிக்கொள்வது. அந்தப் புண் வழியாக எச்.ஐ.வி. சுலபமாக நுழையும். வெட்டை நோயும் கிளமிடியாவும் பெண்ணுக்குப் பல நேரம் எந்த அறிகுறியும் காட்டாமல் உள்ளே இருக்கும், அதனால் வலி வரும்வரை காத்திராமல் கிளினிக்குக்கு வர வேண்டும். கிரந்திக்குப் பென்சிலின் ஊசி, நேரத்தில் போட்டால் குணமாகும். குடித்துவிட்டு வருகிறவனுக்கு அவன் கவனிக்குமுன் மாட்டிவிடுவது எப்படி என்ற நுணுக்கமும் இதில் அடக்கம். இவை எல்லாம் நம் வீட்டுப் பெண்களுக்கும் தெரிந்திருக்க வேண்டியவை. எத்தனை வீட்டில் சொல்கிறோம்?

பாடம் மட்டும் போதாது என்பதையும் அங்கே சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். ஒருத்தி மறுத்தால் வாடிக்கையாளன் அடுத்த படிக்குப் போகிறான் என்றால், எல்லாப் படியிலும் ஒரே பதில் கிடைக்க வேண்டும். அதற்குச் சங்கம் வேண்டும். 1995ல் துர்பார் மகிளா சமன்வய கமிட்டி பிறந்தது. கிஸ்திவாலாவின் பிடி இருக்கும்வரை மறுக்க முடியாது என்பதால் அதே ஆண்டு உஷா கூட்டுறவுச் சங்கம். கூட்டுறவுச் சட்டப்படி உறுப்பினர்கள் ‘நல்லொழுக்கம்’ உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்று அதிகாரிகள் தடுத்தார்கள்; இல்லத்தரசிகள் என்று எழுதிக்கொள்ளுங்களேன் என்றும் யோசனை சொன்னார்கள். பொய் எழுத மாட்டோம் என்று அந்தப் பெண்கள் பிடிவாதமாக நின்று அந்தத் தடையை நீக்க வைத்தார்கள். ஒழுக்கத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதிய பெரியவர் இந்தச் சம்பவத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

பலன்? பத்தாண்டு முடிவதற்குள் சோனாகாச்சியில் பெரும்பான்மையோர் ஆணுறை பயன்படுத்தினார்கள். பம்பாயில் பாலியல் தொழில் செய்த பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எச்.ஐ.வி. இருந்த நாட்களில் இங்கே அது பத்து சதவீதத்தைச் சுற்றியே நின்றது. சோனாகாச்சி மட்டும் விதிவிலக்கு என்பார்கள் என்று தெரிந்தே, வட வங்காளத்தின் இரண்டு சிறு ஊர்களை எடுத்து, ஒன்றில் இந்த முறையையும் இன்னொன்றில் வழக்கமான மருத்துவ உதவியையும் வைத்து ஒப்பிட்டார்கள். 2004ல் வெளியான முடிவு: முதல் ஊரில் ஆணுறைப் பயன்பாடு 39 சதவீதம் கூடியது, இரண்டாவதில் 11. தாய்லாந்திலும் அதே கதைதான், வேறு வழியில். அங்கே 1991ல் அரசு நாடு முழுக்க விதி போட்டது, எந்த விடுதியிலும் உறையில்லாமல் அனுமதி இல்லை என்று. நெருக்குதல் விடுதி முதலாளிமேல். 1989ல் 14 சதவீதமாக இருந்த பயன்பாடு 1993ல் 94. பால்வினை நோய்கள் மளமளவென்று சரிந்தன.

ஆணுறை ஊக்கம் கொடுக்கிறது என்ற வாதத்துக்கு இதற்குமேல் நேரம் செலவிட விருப்பமில்லை. உறை இல்லாத காலத்தில் தொழில் இல்லாமலா இருந்தது?

சோனாகாச்சி மாதிரியிலும் ஓட்டை உண்டு, அதைச் சொல்லாவிட்டால் நானும் துண்டறிக்கைக்காரன் ஆகிவிடுவேன். வாடிக்கையாளரிடம் கறாராக இருக்கிற பெண், நிரந்தரமாக வந்துபோகும் ‘பாபு’விடம் உறையை விட்டுவிடுகிறாள். அன்புக்கு அடையாளம், நம்பிக்கைக்கு அடையாளம். நோய் அந்த நம்பிக்கை வழியாக நுழைகிறது. இந்தப் பலவீனம் காளிகாட்டுக்கு மட்டும் உரியதா? இந்த நாட்டில் எச்.ஐ.வி. வந்த குடும்பப் பெண்களில் பெரும்பாலோருக்கு அதைக் கொடுத்தவர்கள் தாலி கட்டியவர்கள்தான். “இவர்கள் நம் குடும்பங்களுக்கு நோயைக் கொண்டுவருகிறார்கள்” என்று பெரியவர் எழுதியிருக்கிறார். காளிகாட்டுப் பெண் யாரும் ராஷ்பிஹாரி அவென்யூவைத் தாண்டி வந்து நம் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. தாண்டிப் போய்த் திரும்பி வந்தவன் ஒருவன் இடையில் இருக்கிறான். நான்கு பக்கத்தில் அவனுக்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.

காலி செய்யும் திட்டத்தைப் பற்றி. 2004ல் கோவாவில் வாஸ்கோ அருகே பைனா கடற்கரைப் பகுதியை நீதிமன்ற ஆணையின் பேரில் இடித்துத் தள்ளினார்கள். தொழில் நிற்கவில்லை. பெண்கள் லாட்ஜ்களுக்கும் தெருக்களுக்கும் சிதறினார்கள். கிளினிக்கும் தெரிந்த தோழிகளும் ஆணுறை கிடைக்கிற இடமும் கைவிட்டுப் போயின. இருட்டில் தனியாக நிற்கிறவளால் மறுக்க முடியாது. மறுக்க முடியாத பெண்ணைக் கூடுதலாக உருவாக்குகிற எந்த நடவடிக்கையும், ரெய்டோ இடிப்போ அட்டையோ, நோயைத்தான் கூட்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே யாராவது கொண்டுவரப்பட்டால் முதலில் தெரிவது பக்கத்து அறைப் பெண்ணுக்குத்தான். துர்பார் அதற்காகவே பெண்களும் வெளியாட்களும் உள்ள சுயக்கட்டுப்பாட்டுக் குழுக்களை வைத்தது. அந்தப் பெண்ணையே விரட்டிவிட்டால் யார் வந்து சொல்வார்கள்?

சட்டமும் பெரியவர் பக்கம் இல்லை. அவர் அரசுப் பணியில் இருந்தவர், படித்துப் பார்த்திருக்கலாம். விபச்சாரத் தடுப்புச் சட்டம் விடுதி நடத்துவதையும், பொது இடத்தில் அழைப்பதையும், அடுத்தவள் சம்பாத்தியத்தில் வாழ்வதையும் குற்றமாக்குகிறது. பெண் தன் உடலை வைத்துச் சம்பாதிப்பதை அல்ல. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் ஒருவர் அறிந்து சம்மதிக்காமல் பரிசோதிப்பதைத் தடை செய்கிறது. அதே சட்டத்தின் 22ஆம் பிரிவு, பாலியல் தொழிலாளிக்கோ அவளுடைய வாடிக்கையாளருக்கோ ஆணுறை கொடுப்பவர் குற்றவாளி ஆக மாட்டார் என்பதை உதாரணமாகவே எழுதி வைத்திருக்கிறது. இதே ஊரில் ஜோகேன் தத்தா சந்தில் கொல்லப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கிலிருந்து கிளைத்த விசாரணையில், உச்ச நீதிமன்றம் 2022 மே 19 அன்று, ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்குச் சாட்சியாகக் கொள்ளக் கூடாது என்றது. ஆக மனுவின் முதல் கோரிக்கை 22ஆம் பிரிவுக்கு எதிரானது, இரண்டாவது கோரிக்கை சம்மதப் பிரிவுக்கு எதிரானது. மாநகராட்சியில் ஏதாவது ஒரு குமாஸ்தா இதைப் பார்த்துச் சிரிக்கப்போகிறார்.

மனு என்னிடமும் வரும் என்று சொன்னார்கள். வரட்டும். கையெழுத்துப் போடத் தயார், ஒரே ஒரு திருத்தத்தோடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டாய ரத்தப் பரிசோதனை, கையில் அட்டை என்று எழுதியிருக்கிற இடத்தில் “காளிகாட்டுக்குப் போகிற ஆண்கள் அனைவருக்கும்” என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதே தாளை லேக் மார்க்கெட்டில் நீட்டுங்கள், இதுவரை கையெழுத்திட்டவர்களில் எத்தனை பேர் பேனாவைத் திரும்ப எடுக்கிறார்கள் என்று பார்க்கலாம்.